கண்ணுக்கும் ஒரு ஸ்பீக்கர்: குன்னூர்ப் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் ஸ்பீக்கர் பெட்டி செய்வதும் பழைய பெட்டிகளைச் சீர்செய்வதும் என் தொழில். அப்பா தச்சர். எஸ்டேட் பங்களாக்களின் ஜன்னல், கதவு, தரைப்பலகை என்று அவர் கை படாத இடம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. அதே உளியோடு நான் பாட்டுப் பெட்டிக்கு வந்துவிட்டேன். பட்டறைக்கு வருபவர்கள் எத்தனை வாட்ஸ் என்று கேட்பதைவிட, "ஹாலில் வைத்தால் பார்க்க எப்படி இருக்கும்?" என்றுதான் அதிகம் கேட்கிறார்கள். தினம் நாலு பேருக்கு ஒரே பதிலைச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

பாட்டு காதுக்குத்தானே, ஸ்பீக்கருக்கு அழகு எதற்கு?

ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் பாடினால் அதிகம். மீதி நேரமெல்லாம் அது சும்மா நிற்கிறது, நாம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மலையில் இது இன்னும் கூடுதல். ஜூனில் ஊட்டிப் பக்கம் தென்மேற்கு மழை. அது ஓய்ந்தால் அக்டோபரில் எங்கள் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை. வருடத்தில் பாதி நாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் கிடக்கிறோம். டிவியைச் சுவரோடு ஒட்டிவிடலாம். ஸ்பீக்கர் சுவரைவிட்டு முன்னால் வந்து நிற்கிற சாமான், கண்ணில் படாமல் இருக்காது.

அதற்காக மேலே பூசுகிற அழகைச் சொல்லவில்லை. "ஆளைப் பார்த்தால் அழகு, வேலையைப் பார்த்தால் இழவு" என்று எங்கள் பாட்டி சொல்வாள். கடைகளில் அப்படிப்பட்ட ஸ்பீக்கர் நிறையவே இருக்கிறது. என் கணக்கு வேறு. பெட்டியில் ஒரு வளைவு இருந்தால் அது எதற்கு என்று கேட்டால் பதில் வர வேண்டும். ஒலிக்காக என்று வரலாம், இந்த ஊர் ஈரத்துக்காக என்றும் வரலாம். பதிலே வராத வளைவு இரண்டு வருடத்தில் சலித்துவிடும்.

எல்லா ஸ்பீக்கரும் ஏன் பெட்டியாகவே இருக்கிறது? உருண்டையாகச் செய்தால் என்ன?

ஸ்பீக்கரின் நடுவில் அசைகிற கூம்புத் தாள்தான் கோன். அது முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இரண்டும் கலந்தால் பாஸ் என்கிற அடிக்குரல் காணாமல் போய்விடும். இரண்டையும் பிரிக்க நடுவே ஒரு தடுப்பு வேண்டும். அந்தத் தடுப்பை நாலு பக்கமும் மடித்து மூடினால் அதுதான் பெட்டி. இன்று நாம் பயன்படுத்துகிற காயிலும் (கம்பிச் சுருள்) கோனுமான அமைப்பை அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925-இல் விளக்கி எழுதினார்கள். அதன் பிறகு ரொம்ப நாள் வரைக்கும் நல்ல பாஸ் வேண்டுமென்றால் அலமாரி அளவுக்குப் பெட்டி வேண்டும். 1954-இல் எட்கர் வில்ச்சர் என்பவர் பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே இருக்கும் காற்றையே ஸ்பிரிங் மாதிரி வேலை செய்ய வைத்தார். புத்தக அலமாரியில் வைக்கிற அளவுக்குப் பெட்டி சுருங்கியது. இன்று உங்கள் ஹாலில் ஸ்பீக்கர் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்றால் அவருக்கு ஒரு வணக்கம் போடலாம்.

உருண்டை விஷயத்துக்கு வருகிறேன். ஹாரி ஓல்சன் என்ற பொறியாளர் 1951-இல் ஒரே ஸ்பீக்கரைப் பன்னிரண்டு விதமான வடிவங்களில் பொருத்தி அளந்து பார்த்தார். உருண்டைதான் சீராக ஒலித்தது. எல்லாப் பக்கமும் சமமான சதுரக் கட்டை மோசமாக வந்தது. காரணம் ஓரங்கள். ஒலி பெட்டியின் முகத்தில் பரவிப் போகும்போது கூரான விளிம்பு வந்தால் அங்கே இடறி, அந்த விளிம்பிலிருந்து இன்னொரு தரம் கிளம்புகிறது. காதுக்கு ஒரே சத்தம் கொஞ்சம் முன்பின்னாக இரண்டு முறை வரும். விளிம்பை இழைத்து உருட்டிவிட்டால் இடறல் குறையும். கண்ணுக்கும் பெட்டி மெலிந்து தெரியும், கை வைத்துத் தடவவும் தோன்றும். 2012-இல் வந்த கெஃப் எல்எஸ்50 என்ற சின்ன ஸ்பீக்கரின் முகமே குவிந்த வளைவாக இருக்கும். நடுவில் செம்பு நிறத்தில் ஒரு கோன், அதன் மையத்திலேயே கீச்சுக் குரலுக்கான ட்வீட்டர். அந்த முகம் அப்படி வளைந்தது இந்த விளிம்புத் தொல்லைக்காகத்தான்.

"அப்போ மண்பானையில் செய்துவிடலாமே அண்ணா" என்று கல்லூரிப் பையன்கள் கேட்பார்கள். செய்யலாம், நானும் செய்திருக்கிறேன். ஓல்சன் சொன்னது வெளி வடிவத்துக்கு. உள்ளே உருண்டையாக இருந்தால் ஒரே ஒரு சுருதி மட்டும் தேங்கி நின்று ரீங்கரிக்கும். இலவம்பஞ்சை அளவாக அடைத்தால் அடங்கும். கடம் மட்டும் வேண்டாம். மானாமதுரைக் கடம் தட்டினால் கணீரென்று பேசுவதற்காகவே செய்யப்பட்டது. நமக்குத் தட்டினால் ஊமையாக இருக்கிற தடித்த பானை வேண்டும்.

வீணை மாதிரி பலா மரத்திலோ ஈட்டி மரத்திலோ செய்தால் ஒலியும் அழகும் கூடுமா?

மாதம் ஒருவராவது இதைக் கேட்கிறார். தஞ்சாவூர் வீணையின் குடம் தந்தியோடு சேர்ந்து பாட வேண்டும். அதற்குத்தான் பலா. ஸ்பீக்கர் பெட்டி பாடக் கூடாது, அதன் வேலை வாயை மூடிக்கொண்டு நிற்பது. உள்ளே பாடுகிறவர் யாரோ, அவர் குரல் மட்டும் வர வேண்டும். பெட்டியும் சேர்ந்து பாடினால் எல்லாப் பாட்டிலும் ஒரு 'உம்' ஒட்டிக்கொள்ளும். விரல் முட்டியால் பெட்டியின் பக்கவாட்டில் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் நல்ல பெட்டி. 'டம்' என்று வந்தால் அது மத்தளம்.

அதனால் நல்ல மரத்தின் அழகு வெளித்தோலாக வந்தால் போதும். வினீர் என்கிற, தாள் மாதிரி சீவிய மரத்தோலை அரை மில்லிமீட்டரில் ஒட்டினாலே முழு ஈட்டிப் பலகை மாதிரி தெரியும். பழைய ஈட்டிக் கட்டில், பீரோ உடைகிற வீடுகளிலிருந்து பலகை கொண்டுவருகிறார்கள். அதைப் பெட்டியாக்காமல் முகப்பைச் சுற்றி ஒரு விரல் அகலப் பட்டையாகப் போட்டுத் தருவேன். அந்தக் கறுஞ்சிவப்பு வரிக்கு அந்த அளவு இடம் போதும். பெட்டி முழுக்க ஈட்டி என்றால், கல்யாண வீட்டில் ஒருவரே எல்லா நகையையும் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருக்கும்.

சரி, எந்தப் பலகைதான் இந்த ஈரத்துக்குத் தாங்கும்?

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். தொழில் ஆரம்பித்த புதிதில் ஊட்டியில் ஒரு வீட்டுக்கு மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகையில் ஒரு ஜோடி செய்து கொடுத்தேன். மேலே வழவழ மைக்கா, பார்க்கக் கண்ணாடி மாதிரி. ஏப்ரலில் கொடுத்தது. ஆகஸ்டில் அந்தம்மா போன் செய்தார்: "தம்பி, ஸ்பீக்கர் கர்ப்பமாயிடுச்சு." போய்ப் பார்த்தால் அடிப்பலகை ஊறி உப்பி, மைக்கா ஓரம் வாய் பிளந்திருந்தது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து போகிற ஊர். அங்கே வெட்டிய ஓரத்தை மூடாமல் விட்டது என் மடத்தனம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெட்டி இன்னும் பட்டறையில் இருக்கிறது, ஆணி டப்பா வைக்க.

முழு மரப்பலகையும் இங்கே ஆபத்துதான். மரம் அறுத்த பிறகும் வேலை செய்துகொண்டே இருக்கும். மழையில் குறுக்குவாட்டில் விரியும், ஜனவரிப் பனியில் காய்ந்து சுருங்கும். மூலை இணைப்பு விட்டுவிடும். பிளைவுட்டில் ஒவ்வொரு அடுக்கின் நாரும் அடுத்ததற்குக் குறுக்கே போவதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். நான் போடுவது 18 மில்லிமீட்டர், எங்கள் பேச்சில் ஆறு நூல் பலகை. தண்ணீர் தாங்குகிற மரைன் பிளை, ஐஎஸ் 710 என்று முத்திரை இருக்கும். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்கிற எம்டிஎஃப் பலகை ஒலிக்கு நல்லதுதான், ஓரம் இழைக்கவும் வெண்ணெய் மாதிரி இருக்கும். ஆனால் உள்ளும் புறமும் ஒரு துளி விடாமல் சீல் செய்தால்தான் இங்கே பிழைக்கும்.

மேல்தோலுக்கு என் கட்சி சில்வர் ஓக். தேயிலைக்கு நிழல் தர எஸ்டேட் எஸ்டேட்டாக நிற்கிற மரம். சரக்குப் பெட்டி அடிக்கவும் விறகுக்கும்தான் ஆகும் என்று நம் ஆட்களே மதிப்பதில்லை. சாதாரணமாக அறுத்தால் அப்படித்தான் தெரியும். கட்டையை நாலாகப் பிளந்து, நடுவிலிருந்து தோலை நோக்கிப் போகிற வாக்கில் அறுத்துப் பாருங்கள். பலகை முழுக்க வெள்ளிச் செதில் விரிந்த மாதிரி ஒரு மினுக்கம் வரும். வெளிச்சம் நகர நகர அதுவும் நகரும். வெளிநாடுகளில் இதை லேஸ் பின்னலோடு ஒப்பிட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அயிரை மீனின் முதுகு மாதிரி தெரியும். தேக்கு வினீர் கேட்டு வந்தவர்களிடம் இந்தத் துண்டை ஜன்னல் ஓரமாகச் சாய்த்துக் காட்டினால் பாதிப் பேர் மனம் மாறிவிடுகிறார்கள். அறுக்கும்போது தூள் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், அது செய்கிறவன் பாடு. மலைப்பகுதியில் மரம் வெட்டுவதற்கு 1955-ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் முடியாது. வாங்கும்போது அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய தேயிலைப் பெட்டியில் ஸ்பீக்கர் செய்து தருவீர்களா?

தருகிறேன், கொஞ்சம் ஏமாற்று வேலையோடு. முன்பெல்லாம் தேயிலை பிளைவுட் பெட்டியில்தான் போகும். உள்ளே ஈயத்தாள், மூலைகளில் தகரப் பட்டை, வெளியே அச்சு வைத்து அடித்த எஸ்டேட் பெயரும் எடையும். அந்தக் கறுப்பு எழுத்து பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பலகை மெல்லிசு, அதிலேயே ஸ்பீக்கரைப் பொருத்தினால் பெட்டிதான் பாடும். அதனால் உள்ளே தனியாகக் கனமான பெட்டி செய்து, தேயிலைப் பெட்டிப் பலகையை மேலே தோல் மாதிரி ஒட்டுகிறேன். எழுத்து முகப்பில் வராமல் பக்கவாட்டில் வரும்படி பார்த்துக்கொள்வேன். முகப்பில் வந்தால் ஸ்பீக்கரைப் பார்க்கும்போதெல்லாம் வாய் தானாக வாசித்துக்கொண்டிருக்கும். இது என் எரிச்சல். உங்களுக்கு இல்லையென்றால் முகப்பிலேயே வைத்துத் தருகிறேன்.

என்ன பாலிஷ் நல்லது?

அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுகிற பிரெஞ்சு பாலிஷுக்கு ஈடான அழகு கிடையாது. ஆனால் மூடுபனி நாளில் பூசினால் வெள்ளையாகப் பூத்துவிடும். அப்பா மார்ச் மாதத்துக்காகக் காத்திருந்து பூசுவார். நான் பெரும்பாலும் மங்கலான பியு (பாலியூரித்தேன்) பூச்சு போடுகிறேன், ஈரம் தாங்கும். பளபளப்பு வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. பங்களா ஜன்னல்கள் பெரியவை, அந்த வெளிச்சம் பெட்டியில் பட்டால் நாள் முழுக்க ஜன்னல்தான் தெரியும், பெட்டி தெரியாது.

முன்பக்கத் துணியைக் கழற்றி வைக்கலாமா?

இதில் இரண்டு கட்சி இருக்கிறது. கோனும் ட்வீட்டரும் தெரிந்தால்தான் ஆண்மை என்று ஒரு கூட்டம், மூடி வைத்தால்தான் வீடு என்று ஒரு கூட்டம். வடிவமைத்தவர் எதை நினைத்துச் செய்தாரோ அதன்படி விடுவதுதான் சரி. பிபிசி தன் ஒலிபரப்பு வேன்களுக்காக 1970-களில் உருவாக்கிய எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கர் 30 சென்டிமீட்டர் உயரம்தான், அகலம் ஒரு சாண்கூட வராது. அதைத் துணியோடு கேட்கவே வடிவமைத்தார்கள், கழற்றினால் ஒலி மாறிவிடும். துணி மூடிய பிறகு அதைவிட அடக்கமான முகத்தை நான் பார்த்ததில்லை. வினீர் சட்டத்துக்குள் கறுப்புத் துணி, அவ்வளவுதான். ஐம்பது வருடம் ஆகியும் ஆட்கள் அதைத் தேடி அலைகிறார்கள்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பேச்சே இல்லை, துணி வேண்டும். ட்வீட்டரின் நடுவில் இருக்கிற உருண்டையைப் பார்த்தால் குழந்தையின் விரல் சும்மா இருக்காது. ஒரு தடவை உள்ளே அமுங்கிவிட்டால் அப்புறம் அதன் முகம் பழைய முகமாகாது.

துணிக்குப் பதில் தோடர் எம்பிராய்டரி போட முடியுமா?

ஊட்டிக்காரர்கள் அடிக்கடி கேட்பது. வெள்ளைப் பருத்தித் துணியில் நூலை எண்ணி எண்ணி, சிவப்பிலும் கறுப்பிலும் தோடர் பெண்கள் போடுகிற பின்னல் அது. தூரத்தில் பார்த்தால் நெய்தது போலவே இருக்கும். 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சிக்கல் என்னவென்றால், பின்னல் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு அழகு, அவ்வளவு ஒலியையும் அடைக்கும். ட்வீட்டர் முன்னால் வைத்தால் தாளச் சத்தமெல்லாம் போர்வைக்குள்ளிருந்து வரும்.

துணியைத் தேர்வு செய்ய எளிய வழி ஒன்று இருக்கிறது. வாயருகே பிடித்து ஊதுங்கள். மறுபக்கம் உள்ளங்கையில் காற்று தாராளமாகப் பட்டால் ஒலியும் போகும். பின்னல் இல்லாத வெறும் துணியே இதில் தேறாமல் போகலாம். அதனால் ஒலிப்பான்கள் (கோனும் ட்வீட்டரும்) இருக்கிற இடத்துக்கு மெல்லிய ஸ்பீக்கர் துணி, அதற்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு மட்டும் எம்பிராய்டரிப் பட்டை. புடவைக்குக் கரை மாதிரி. நான் செய்ததிலேயே எனக்குப் பிடித்த ஜோடி அதுதான்.

ஒரு வேண்டுகோள்: பழைய பூத்துக்குளியை வெட்டிக் கொண்டுவராதீர்கள். அது அவர்கள் விசேஷத்துக்குப் போர்த்துவது, இறந்தவரையும் அதில்தான் போர்த்துகிறார்கள். விற்பதற்கென்றே செய்த பட்டைகள் ஊட்டியில் கிடைக்கின்றன, அதை வாங்கி வாருங்கள்.

உலகத்திலேயே அழகான ஸ்பீக்கர் எது?

கேட்டுவிட்டீர்கள், இனி என்னை நிறுத்துவது கஷ்டம்.

1957-இல் இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் செய்த குவாட் எலெக்ட்ரோஸ்டாடிக் முதலில். அதில் பெட்டியே கிடையாது, கோனும் கிடையாது. மெல்லிய தாள் போன்ற ஒரு படலம், மின்னழுத்தத்தில் முன்னும் பின்னும் அசையும். அதை மூடி லேசாக வளைந்த, துளையிட்ட வெண்கல நிறத் தகடு, கீழே சின்ன மரக்கால்கள். ஊட்டி லாட்ஜில் ராத்திரி வாடகைக்குக் கொடுப்பார்களே ரூம் ஹீட்டர், அசல் அதேதான். நான் முதலில் படம் பார்த்தபோது சிரித்தேன். இரண்டாவது தடவை சிரிப்பு வரவில்லை. வளைவு, தகடு, கால் எதுவும் அலங்காரம் இல்லை என்று புரிந்தபோது அது அழகாகிவிட்டது. நம் ஊருக்கு மட்டும் ஆகாது, உயர் மின்னழுத்தமும் ஈரமும் ஒரே வீட்டில் குடித்தனம் செய்ய முடியாது.

அதே 1957-இல் அமெரிக்காவில் ஜேபிஎல் பாரகன் வந்தது. ஆர்னால்ட் வுல்ஃப் வடிவமைத்தது. இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே மரச்சாமானாக்கி, ஏறக்குறைய ஒன்பது அடி அகலத்தில், நடுவே வில் மாதிரி வளைந்த மரப்பலகை. ஒலி அந்த வளைவில் பட்டுத்தான் அறைக்குள் பரவும். 1983 வரைக்கும் செய்தார்கள். பலகையை அப்படி வளைப்பது எவ்வளவு பாடு என்று தச்சனுக்குத் தெரியும். படத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், சாமி படத்துக்குப் பக்கத்தில்.

1993-இல் வந்த பி அண்ட் டபிள்யூ நாட்டிலஸைப் பார்த்தால் எல்லோரும் "நத்தை!" என்பார்கள். ஒவ்வொரு ஒலிப்பானுக்கும் பின்னால் வால் மாதிரி மெலிந்துகொண்டே போகிற குழாய். பின்பக்க ஒலி அதற்குள் போய்த் தேய்ந்து அடங்கிவிடும். பாஸுக்கு அந்தக் குழாய் நீளமாக வேண்டும், நேராக விட்டால் ஹாலைத் தாண்டிவிடும், அதனால் சுருட்டினார்கள். நத்தை வந்தது அப்படி. தேவையிலிருந்து பிறந்த வடிவம் என்பதால் மரியாதை உண்டு. என் வீட்டில் வைப்பேனா என்றால், மாட்டேன். ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தால் பயமாக இருக்கும்.

ஜெர்மனியில் பிரவுன் நிறுவனத்துக்கு டீட்டர் ராம்ஸ் செய்தவை இதற்கு நேர் எதிர். வெள்ளைப் பெட்டி, நேர்கோடு, வரிசையாகக் கீற்றுகள். 1956-இல் ஹான்ஸ் குகெலோட்டோடு சேர்ந்து செய்த எஸ்கே4 ரெக்கார்ட் பிளேயருக்கு, கண்ணாடி போன்ற மூடிக்காக 'ஸ்னோ ஒயிட்டின் சவப்பெட்டி' என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். அந்த வெறுமை எனக்குப் பிடிக்கும், மலைப்பங்களாவின் வெள்ளைச் சுவருக்கும் பொருந்தும். டென்மார்க்கின் பேங் அண்ட் ஓலுஃப்சென் 1992-இல் விட்ட பியோலேப் 8000, தேவாலய ஆர்கன் குழாய் மாதிரி ஒல்லியான அலுமினியத் தூண். அதைப் பார்த்து எத்தனையோ பேர் ஒல்லித் தூண் செய்தார்கள், அந்த நளினம் வரவில்லை.

தாத்தாவின் வால்வு ரேடியோ இருக்கிறது. உள்ளே ப்ளூடூத் வைத்துத் தருவீர்களா?

வெட்டாமல் செய்யலாம் என்றால் செய்வேன். அந்த மரக்கூடு, தங்க நூல் ஓடுகிற துணி, தந்த நிறத் திருகுகள், ஊர்ப் பெயர் எழுதிய கண்ணாடி எல்லாம் சேர்ந்ததுதான் அந்த முகம். இலங்கை வானொலி கேட்ட முகம் அது. சிலர் பின்பக்கத்தைப் பிடுங்கி, கண்ணாடிக்குப் பதில் நீல டிஸ்ப்ளே வைத்துக்கொண்டு வருகிறார்கள், பார்த்தால் வயிறு எரிகிறது. பழைய சட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, அதன் ஸ்பீக்கருக்கு மட்டும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரிலிருந்து இணைப்பு கொடுத்தால் போதும். நாளைக்கே பழையபடி மாற்றலாம். நீங்களாகத் திறக்காதீர்கள், வால்வு செட் அணைத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

இன்னொன்று கவனித்திருக்கிறேன். தினமும் பாடிய வால்வு ரேடியோவின் மரக்கூட்டில் பூசணம் பார்ப்பது அபூர்வம். வால்வின் சூடே அதைக் காய வைத்திருக்கிறது. பரணில் தூக்கிப் போட்டதுதான் பாழாகிறது.

ஹாலில் கணப்பு அடுப்பு இருக்கிறது. இரண்டு பக்கமும் ஆளுக்கொன்றாக வைக்கலாமா?

படம் எடுக்க நன்றாக இருக்கும். நெருப்பு மூட்டுவதே இல்லையென்றால் வையுங்கள். மூட்டுவீர்கள் என்றால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து வினீர் உரியும், புகைக்கரி துணியில் படியும். அடுப்புக்கு எதிரே உள்ள சுவரைப் பாருங்கள். வெளிச்சுவர் என்றால் ஒரு சாண் தள்ளி வையுங்கள், அந்தச் சுவர் ராத்திரியில் வியர்க்கும். மூலையில் தள்ளினால் பாஸ் கூடும். 1946-இலிருந்து வருகிற கிளிப்ஷ்ஹார்ன் மாதிரி, அறையின் மூலையையே ஒலியைப் பெருக்கும் கூம்பின் பாகமாக்கிக்கொள்ளும் ஸ்பீக்கர்களும் உண்டு. மற்றவை மூலையில் முனகும். பழைய பங்களா மரத்தரை என்றால் அடியில் ஒரு துண்டு கடப்பைக்கல் போட்டு, மேலே ரப்பர் கால் வையுங்கள். கறுப்புக் கல்லின் மேல் மரப்பெட்டி, பார்க்கவும் பீடம் கட்டிய மாதிரி இருக்கும்.

ஸ்பீக்கர் மேல் பூஜாடி வைக்கலாமா?

தண்ணீர் இல்லாத ஜாடி என்றால் என்னால் தடுக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் எத்தனை வீட்டில் சண்டை பார்த்திருக்கிறேன். அவருக்கு ஸ்பீக்கர், அவங்களுக்கு அது இன்னொரு மேஜை. ஒரு வீட்டில் மேல்பலகையை லேசாகச் சரிவாகச் செய்து கொடுத்தேன், எதையும் வைக்க முடியாது. அந்த அம்மா அடுத்த மாதம் பூங்கொடியைச் சுவரிலிருந்து தொங்கவிட்டு ஸ்பீக்கர் மேல் படரவிட்டார். ஜெயித்தது அவர்தான், உண்மையைச் சொன்னால் அழகாகவும் இருந்தது.

கலர் கலராக விளக்கு எரிகிற டவர் ஸ்பீக்கர்?

பிடித்தால் வாங்குங்கள். நானும் சின்ன வயதில் அசெம்பிள் செட்டின் ஆடுகிற பச்சை விளக்கைப் பார்த்து வாய் பிளந்து நின்றவன்தான். ஒரு வருடம் கழித்து விளக்கை அணைக்க வழி இருக்கிறதா என்று மட்டும் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

சீலிங்கில் புதைத்துவிட்டால் கண்ணிலேயே படாதே?

தகரக் கூரைக்குக் கீழே மரப்பலகை சீலிங் இருக்கிற வீடா? வேண்டாம். மழைச் சத்தத்தோடு போட்டி போட முடியாது, மேலேயிருந்து ஈரமும் இறங்கும். பாடுகிறவர் தலைக்கு மேலே உட்கார்ந்திருப்பது எனக்கு எப்போதும் ஒட்டவில்லை.

மழைக்காலத்தில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

தினமும் அரை மணி நேரம் பாட விடுங்கள். கறுப்புத் துணியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பூசணம். வெயில் அடிக்கிற நாளில் துணியைக் கழற்றி வெளியே கொண்டுபோய்க் காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள், ஈரத்துணி கூடாது. கோனைச் சுற்றியிருக்கும் வளையம் ஃபோமாக இருந்தால் வருடங்கள் போகப் போகப் பிசுபிசுத்து உதிரும், ஈரத்தில் இன்னும் சீக்கிரம். புதிதாக வாங்கும்போது ரப்பர் வளையமா என்று கேளுங்கள். கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருந்தால், துணி பீரோவில் வைப்போமே சின்ன பல்ப், அதையே ஒரு மூலையில் எரியவிடலாம்.

ஆர்டர் கொடுக்கும் முன் எங்கள் ஹாலுக்குப் பொருந்துமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அளவு சொல்லிவிடுகிறேன், மளிகைக் கடை அட்டைப்பெட்டியை அந்த அளவுக்கு வெட்டி ஒட்டி, வைக்கப்போகிற இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். கடையில் சின்னதாகத் தெரிந்தது வீட்டில் பூதமாகத் தெரியும். காலில் இடிக்கிறதா, ஜன்னல் திரையைத் திறக்க முடிகிறதா, உட்கார்ந்தால் ட்வீட்டர் இருக்கும் இடம் காது உயரத்துக்கு வருகிறதா, எல்லாம் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். கோத்தகிரியில் ஒரு வீட்டில் இப்படி அட்டைப்பெட்டி வைத்தார்கள். மூன்றாம் நாள் பூனை ஒன்றின் மேல் ஏறித் தூங்க ஆரம்பித்து, இறங்கவே இல்லை. கடைசியில் அந்த ஒன்றை மட்டும் உள் கொள்ளளவு மாறாமல் உயரத்தைக் குறைத்து, ஆழத்தைக் கூட்டச் சொன்னார்கள். ஜோடியை ஒன்றுபோல் இல்லாமல் செய்ய மாட்டேன் என்று இரண்டையுமே அந்த உயரத்துக்குச் செய்து கொடுத்தேன். இப்போது இடது பக்கத்தில் பூனை, வலது பக்கத்தில் அந்த வீட்டுப் பாட்டியின் மூக்குக்கண்ணாடி.